காயாத படங்களோடு ஒரு தனிக்கண்காட்சி

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப்போகச் சொல்லக் கூச்சமாகிவிடும். சென்னையில் நான் வைத்த முதல் தனி ஓவியக் கண்காட்சிக்கு ஆன செலவு 1,87,300 ரூபாய். கேன்வாஸ், அதை இழுத்து அடிக்கும் மரச்சட்டமான உள்சட்டம், வண்ணம் சேர்த்து 58,000. 24 படத்துக்கு ஃபிரேம் 52,800. ஏழு நாள் அரங்க வாடகை 45,000. அழைப்பிதழ், கேட்லாக், புகைப்படம் 18,000. டெம்போவுக்கும் மாட்ட வந்த இரண்டு பேருக்கும் 7,500. திறப்பு விழா டீ, சமோசா 6,000. விற்றது மூன்று படம், 85,000 ரூபாய்க்கு. வாடகை வாங்கியதற்கு மேல் அரங்கத்தார் 30 சதவீதம் கமிஷனும் எடுத்துக்கொண்டார்கள், கைக்கு வந்தது 59,500. ஐந்து மாதம் கழித்து அந்த மூன்றில் ஒன்று விரிசல் விட்டுத் திரும்பி வந்தது. வாங்கியவருக்கு அவர் கொடுத்த 35,000த்தையும் முழுசாகத் திருப்பிக் கொடுத்தேன். கமிஷன் திரும்பி வரவில்லை. ஆக, நிகர நஷ்டம் 1,62,800.

பணத்தைவிட உறுத்தியது வேறு. கேட்லாக்கில் 24 படம், சுவரில் 15. மீதி எங்கே என்று கேட்டவர்களிடம், ‘ஒரு கலெக்டர் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்’ என்று பொய் சொன்னேன். ஒரு பெரியவர் நிஜமாகவே, ‘எந்த மாவட்டம் தம்பி?’ என்று கேட்டார். ஓவியம் சேகரிப்பவரையும் அப்படித்தான் அழைப்பார்கள் என்று அவருக்கு விளக்கும்போது என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

எங்கே பிசகியது என்றால், பிப்ரவரியிலேயே பிசகிவிட்டது. அரங்கத்தில் டிசம்பர் இரண்டாவது வாரம் காலி என்றார்கள், சரி என்றேன். பத்து மாதத்தில் 24 படம், மாதத்துக்கு இரண்டரைகூட இல்லையே என்று மனக்கணக்கு. படத்தை எண்ணினேனே தவிர மணியை எண்ணவில்லை. மூன்றுக்கு நான்கு அடியில் ஒரு எண்ணெய் வண்ணப் படம் முடிக்க எனக்குச் சராசரியாக 38 மணி நேரம் ஆகிறது. 24 படம் என்றால் 912 மணி. வாரத்தில் நான் நடத்தும் ஓவிய வகுப்புக்கு 22 மணி போய்விடும். வீடு, கடைகண்ணி போக நல்ல வெளிச்சத்தில் தூரிகை பிடிக்கக் கிடைப்பது 15 மணி. 43 வாரத்துக்கு 645 மணிதான். செப்டம்பர் கடைசியில் முடிந்திருந்தவை 13. மிச்சம் 11 படத்தை அக்டோபரிலும் நவம்பரிலும் ராத்திரி பகலாக இழுத்தேன், அந்தப் பதினொன்றில்தான் ஒன்பது பாழ். ஆண்டு இலக்கு வைக்கும் ஓவியர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்: மூன்று மாதம் ஒரு நோட்டில் நிஜமாக வேலை செய்த மணிகளை மட்டும் எழுதுங்கள். ‘யோசித்த நேரம்’ எல்லாம் சேர்க்காதீர்கள். அந்த எண்ணை வைத்துத்தான் எத்தனை படம் என்று முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு அபத்தம். அரங்கத்தின் சுவர் நீளத்தை நான் அளக்கவே இல்லை. நான்கு அடி அகலப் படத்துக்கு இடைவெளி சேர்த்துக் குறைந்தது ஐந்து அடி சுவர் வேண்டும். 24 படத்துக்கு 120 அடி. அந்த அரங்கத்தில் படம் மாட்டக்கூடிய சுவர் மொத்தமே 90 அடிதான். அதாவது எல்லாம் நல்லபடியாக முடிந்திருந்தாலும் 18 படத்துக்கு மேல் மாட்டியிருக்க முடியாது. ஆறு ஃபிரேமுக்கான 13,200 ரூபாய் அப்போதே தண்டம். அரங்கத்தைப் பார்க்கப் போகும்போது டேப் எடுத்துக்கொண்டு போங்கள். கதவு, ஸ்விட்ச் பலகை, ஏசி எல்லாம் கழித்து அளந்துகொள்ளுங்கள். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 58 முதல் 60 அங்குல உயரத்தில் வர வேண்டும், அதற்கு அங்கே கம்பி இருக்கிறதா, ஆணி அடிக்க விடுவார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.

அடுத்து வெளிச்சம். வடக்குப் பார்த்த ஜன்னல் ஓவியருக்கு உத்தமம் என்று புத்தகங்களில் படித்துவிட்டுத் திருவான்மியூரில் வடக்கு ஜன்னல் வைத்த அறையைத் தேடிப் பிடித்து 2,000 ரூபாய் கூடுதல் வாடகையில் குடி போனேன். அந்த விதி ஐரோப்பாவுக்குப் பொருந்தும். அங்கே சூரியன் எப்போதும் தெற்கு வானத்தில்தான் உச்சிக்கு வரும். சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிச் சூரியனே நமக்கு வடக்கே சாய்ந்துதான் நிற்கும். அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வெயில் வடக்கு ஜன்னல் வழியாக நேராக உள்ளே வரும். கேன்வாஸ் மேல் பளீரென்று வெளிச்சம் விழும்போது நம்மை அறியாமல் வண்ணத்தை ஒரு படி இருட்டாக வைப்போம். மே மாதம் வரைந்த மூன்று படங்கள் அரங்கத்தின் மஞ்சள் விளக்கில் கரித்துணி மாதிரி தெரிந்ததற்கு அதுதான் காரணம். பழைய எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்து ஜன்னலில் கட்டினாலே போதும், வெளிச்சம் மெத்தென்று பரவும். விளக்கு போட்டு வேலை செய்தால் 4,000 முதல் 5,000 கெல்வின் (வெளிச்சம் மஞ்சளா வெள்ளையா என்ற அளவு), சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் இருக்கும் எல்இடி வாங்குங்கள், பெட்டியிலேயே போட்டிருக்கும். படம் முடியும் தறுவாயில் ஒருமுறை 3,000 கெல்வின் மஞ்சள் விளக்கில் வைத்துப் பாருங்கள், நிறைய அரங்கங்களில் அந்த விளக்குதான்.

உள்சட்டத்தில் நான் செய்தது சுத்தமான அவசரம். ஆசாரி, ‘மரம் இன்னும் பச்சையா இருக்கு சார், ரெண்டு மாசம் பொறுத்தா நல்ல மரமா பார்த்துத் தரேன்’ என்றார். ‘பரவாயில்லண்ணே, அடிச்சுக் கொடுங்க’ என்றேன். செப்டம்பரில் நான்கு சட்டங்கள் முறுக்கிக்கொண்டன. தரையில் படுக்க வைத்தால் ஒரு மூலை ஒரு விரல்கடை தூக்கி நிற்கும். அப்படி முறுக்கியதை ஃபிரேமுக்குள் அமுக்கிச் சரிசெய்ய நினைக்காதீர்கள், வண்ணம்தான் வெடிக்கும். மூன்று அடிக்கு மேல் போகிற படத்துக்குச் சட்டம் இரண்டு அங்குல அகலம், ஒரு அங்குலக் கனம் இருக்க வேண்டும், நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் வேண்டும். கேன்வாஸ் பக்கம் பார்த்த முகத்தை உள்நோக்கிச் சாய்வாகச் சீவச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மரத்தின் உள்விளிம்பு கொஞ்ச நாளில் படத்தின் நான்கு பக்கமும் கோடாகத் தெரியும். இழுத்து அடிப்பதற்கு முன் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் சதுரம் சரி. கடலோரத்தில் இருப்பவர்கள் சாதாரண இரும்பு ஸ்டேப்பிள் அடிக்கவே கூடாது. உப்புக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து, ஓரமெல்லாம் செம்மண் கறையாக இறங்கிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்டேப்பிள் அல்லது செம்பு ஆணி கொஞ்சம் விலைதான், வாங்கிவிடுங்கள்.

வண்ணம் வைப்பதற்கு முன் கேன்வாஸில் அடிக்கும் அடிப்பூச்சில் மிச்சம் பிடிப்பதும் ஆபத்து. மரவேலைப் பசையில் வெள்ளைப் பொடி கலந்து அடிப்பது, சுவருக்கு அடிக்கும் பிரைமரை அடிப்பது, இரண்டையும் மாணவர்கள் இன்றும் செய்கிறார்கள். நானும் செய்தவன்தான். பசைப் பூச்சு ஈரம் பட்டால் இளகும், காய்ந்தால் மொறுமொறுக்கும். நல்ல அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்ற அடிப்பூச்சு மெல்லிசாக மூன்று கோட், ஒவ்வொன்றும் காய்ந்தபின் 220 நம்பர் உப்புத்தாளில் ஒரு தேய்ப்பு. அதன்மேல் எண்ணெய் வண்ணம் வைக்க மூன்று நாளாவது விட வேண்டும்.

இனி என்னைக் கவிழ்த்த விஷயத்துக்கு வருகிறேன். அக்ரிலிக்கும் நீர்வண்ணமும் தண்ணீர் ஆவியாகிக் காய்கின்றன. எண்ணெய் வண்ணம் அப்படி இல்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி இறுகுகிறது. வண்ணத்தை நீர்க்கச் செய்யும் டர்பன்டைன் பறந்துபோவதைக் காய்வதென்று நினைப்பதுதான் பொதுவான தப்பு. எந்த நிறம் எத்தனை நாளில் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரும் என்பது அந்த நிறமியைப் பொறுத்தது. அம்பர் என்ற பழுப்பு வகைகளில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் இறுகும், மெல்லிசாக வைத்தால் ஒன்றிரண்டு நாள் போதும். கோபால்ட் நீலமும் பிரஷ்யன் நீலமும் அதே ரகம். டைட்டானியம் வெள்ளை, காட்மியம் மஞ்சள், காட்மியம் சிவப்பு, அலிசரின், ஐவரி பிளாக் எல்லாம் சோம்பேறிகள். ஒரு வாரம், கனமாக அப்பினால் அதற்கும் மேல். இதனால்தான் முதல் பூச்சை அம்பரில் போடு என்று அந்தக் காலத்து வாத்தியார்கள் அடித்துச் சொன்னார்கள். எனக்குக் கறுப்பு அடித்தளத்தின் மேல் மோகம். எலும்புக் கரியிலிருந்து செய்யும் ஐவரி பிளாக் நிறைய எண்ணெய் குடிக்கிற, மெதுவாகக் காய்கிற நிறம். அதை அடியில் பூசி மேலே சீக்கிரம் காயும் நிறத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கலந்து வைத்தேன். மேல் தோல் முதலில் இறுகிவிடும், அடி பல மாதம் அசைந்துகொண்டே இருக்கும், விரிசல் விடாமல் என்ன செய்யும்? அடியில் எண்ணெய் குறைவு, மேலே போகப்போக எண்ணெய் கூடுதல் என்பதுதான் முறை. முதல் பூச்சுக்கு வண்ணத்தோடு கொஞ்சம் டர்பன்டைன் மட்டும், நடுப் பூச்சுக்கு டியூபில் வந்தபடியே, கடைசிப் பூச்சுக்கு நாலைந்து சொட்டு ஆளிவிதை எண்ணெய். இவ்வளவுதான் விஷயம். கல்லூரியில் பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கிய பாடம் இது, அக்டோபர் அவசரத்தில் எங்கே போனதோ.

அந்த அவசரத்தில் செய்த உச்சபட்சத் தப்பு, பெயின்ட் கடையில் கதவு ஜன்னலுக்கு விற்கிற, பெயின்டைச் சீக்கிரம் காயவைக்கும் டிரையர் திரவத்தை வாங்கி வண்ணத்தில் சேர்த்தது. மறுநாளே தொட்டால் ஒட்டவில்லை, ஆகா என்று குதித்தேன். அந்தச் சரக்கு மேற்பரப்பை மட்டும் இறுக்குகிறது. உள்ளே வண்ணம் வெண்ணெயாகவே கிடக்கும். கனமாக வைத்த இடங்கள் பத்து நாளில் பால் ஆடை மாதிரி சுருங்கிப்போயின. கடையில் கிடைக்கும் பாயில்டு லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயும் படத்துக்கு ஆகாது, அதிலும் டிரையர் உண்டு, மஞ்சளடிக்கும். சீக்கிரம் காய வேண்டுமென்றால் நேர்மையான வழிகள் இரண்டு: அடியில் வரும் வண்ணத்தை அக்ரிலிக்கில் போட்டு மேலே எண்ணெய் வண்ணம் வைப்பது (எண்ணெய்க்கு மேல் அக்ரிலிக் ஒருபோதும் கூடாது, உரிந்துவிடும்), அல்லது ஓவியர்களுக்கென்றே விற்கும் அல்கைட் மீடியம் என்ற கலவைத் திரவத்தை முதல் பூச்சிலிருந்தே கலப்பது. அல்கைட் ஒரு நாளில் தொடும் பதத்துக்கு வந்துவிடும். கடைசி வார்னிஷ் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் கழித்துத்தான் அடிக்க வேண்டும். அதற்குள் கண்காட்சி வந்துவிட்டால் தற்காலிகமாக அடிக்கும் ரீடச் வார்னிஷ் மெல்லிசாக ஒரு கோட் போதும். காய்ந்துவிட்டதா என்று மேலே தடவிப் பார்க்காதீர்கள். கனமான இடத்தின் ஓரத்தில் நகத்தை மெல்ல அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழுந்தால் இன்னும் நாள் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆகவே தேதியைப் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வர வேண்டும். கண்காட்சிக்கு மூன்று மாதம் முன்பே கடைசித் தூரிகை படிந்திருக்க வேண்டும். ஃபிரேம், புகைப்படம், அச்சு எல்லாம் அந்த மூன்று மாதத்துக்குள். சென்னையில் டிசம்பர் கண்காட்சி என்றால் வரைந்த படமெல்லாம் வடகிழக்குப் பருவமழையில் காயும்படி ஆகிவிடும். இப்போது கேட்டால் பிப்ரவரி, மார்ச் என்றுதான் தேதி சொல்வேன்.

நவம்பர் மழையில் இன்னொன்றும் நடந்தது. முடித்த படங்களைக் கிழக்குச் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து, சாரல் படாமல் இருக்கட்டும் என்று பாலிதீன் போட்டு மூடி வைத்தேன். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் பின்பக்கமெல்லாம் வெள்ளைப் பொட்டு, அறை முழுக்க முடை நாற்றம். அறையின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நின்றுவிட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், பாலிதீன் போட்டால் அதற்கு வீடே கட்டிக் கொடுத்த மாதிரி. சில நூறு ரூபாய்க்கு ஈரப்பத மீட்டர் கிடைக்கிறது, மாட்டி வையுங்கள். படங்களைத் தரையிலிருந்து செங்கல் உயரம் தூக்கி, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிறுத்தி, ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். வெளிச்சுவரோரம் வைக்கவே வைக்காதீர்கள். பூஞ்சை வந்துவிட்டால் ஈரத்துணியால் துடைத்தால் இன்னும் பரவும், டெட்டால் தெளித்தால் வண்ணம் கெடும். முதலில் மற்றப் படங்களிடமிருந்து பிரித்து, நிழலில் காற்றாட நன்றாக உலர விட்டு, என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, மெத்தென்ற பிரஷ்ஷால் வாக்குவம் கிளீனரின் வாய்ப்பக்கம் தள்ளித் தள்ளி எடுக்க வேண்டும். முன்பக்க வண்ணத்தில் ஏறியிருந்தால் நீங்களாகக் கை வைக்காமல் பழுதுபார்க்கும் நிபுணரிடம் கொண்டுபோங்கள். மூடி வைத்ததில் வெள்ளைகள் பழுப்பேறியிருந்ததைப் பார்த்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அது மட்டும் வீண் பயம். இருட்டில் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளடிக்கும், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் இரண்டு மூன்று வாரம் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

கொண்டுபோனதும் தப்பாகத்தான். பபிள் ராப்பின் குமிழ் பக்கத்தை வண்ணத்தோடு ஒட்டிச் சுற்றி டெம்போவில் ஏற்றினேன். அரங்கத்தில் பிரித்தபோது இரண்டு படத்தில் அம்மைத் தழும்பு மாதிரி வரிசை வரிசையாய் வட்டம். அட்டைப்பெட்டியை வெட்டி நான்கு மூலைக்கும் தொப்பி மாதிரி மாட்டுங்கள், சுற்றுவது அந்த மூலைகளில் மட்டும்தான் படவேண்டும், வண்ணத்தின் மேல் எதுவுமே தொடக்கூடாது. குமிழ் வெளிப்பக்கம் பார்த்து இருக்கட்டும். அக்ரிலிக் படம்தானே, காய்ந்துவிட்டதே என்று முகத்தோடு முகம் வைத்துக் கட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும். அக்ரிலிக் நம் ஊர் வெயிலில் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

அரங்கத்தாரிடம் வாய்ப்பேச்சில் முடிக்காதீர்கள். கண்காட்சி அரங்கங்கள் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைகூடக் கமிஷன் கேட்பதுண்டு, அது பெரிய விஷயமில்லை, வாடகையும் வாங்கிக் கமிஷனும் வாங்குகிறார்களா என்பதுதான் கேள்வி. அதோடு, படம் திரும்பி வந்தால் கமிஷன் யார் கணக்கில், மழை ஒழுகிப் படம் கெட்டால் யார் பொறுப்பு, விற்ற பணம் எத்தனை நாளில் கைக்கு வரும், இந்த நாலும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்தாகட்டும். வாங்குபவருக்கான ரசீதில் தலைப்பு, அளவு, ஊடகம், ஆண்டு, விலை, அதன் கீழே ‘காப்புரிமை ஓவியரிடமே’ என்று ஒரு வரி. 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி படத்தை விற்றால் காப்புரிமை தானாகப் போகாது. எழுத்தில் கொடுத்தால்தான் போகும். ஒருவர் பணம் கொடுத்து ஒரு படத்தையோ தன் உருவப்படத்தையோ வரையச் சொன்னால் கதை வேறு. தனியாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் உரிமை அவருக்குத்தான்.

வகுப்பைப் பற்றிச் சொல்லாமல் இது முழுமையாகாது, ஏனென்றால் நஷ்டத்தை அடைத்தது அதுதான், நேரத்தைத் தின்றதும் அதுதான். 31 பிள்ளைகள், ஆளுக்கு மாதம் 1,200. சனி, ஞாயிறு காலை ஏழிலிருந்து பதினொன்று வரை, அதாவது வாரத்தின் அருமையான வெளிச்சம் முழுக்க அவர்களுக்கு. கண்காட்சிக்குப் பிறகு எல்லா வகுப்பையும் மாலை நான்குக்கு மேல் தள்ளினேன். ஆறு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள், மாதம் 7,200 குறைந்தது. ஆனால் வாரத்துக்கு எட்டு மணி வெளிச்சம் கிடைத்தது. ஒரு வகுப்பில் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம், ஆறு ஏழு வயதுக்காரர்களைப் பத்து வயதுக்காரர்களோடு உட்கார வைக்காதீர்கள். கட்டணத்தை மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே வாங்குங்கள், மார்ச் பரீட்சை வந்ததும் பாதிப் பேர் காணாமல் போவார்கள். ‘லோயர், ஹையர் எழுத வைப்பீங்களா சார்?’ என்று அரசின் ஓவியத் தேர்வுகளைப் பற்றிப் பெற்றோர் கேட்பார்கள். அதற்கான ஃப்ரீஹேண்ட், மாடல் டிராயிங் பயிற்சியைத் தனி வகுப்பாக வையுங்கள், மற்ற நேரத்தில் பிள்ளைகள் இஷ்டத்துக்குக் கிறுக்கட்டும். என் சொந்த வேலைக்கு வகுப்பு செய்த ஒரு கெடுதல் தாமதமாகத்தான் புரிந்தது. இருபது நிமிடத்தில் அழகாக முடித்துக் காட்டிக் கைதட்டு வாங்குகிற பழக்கம் கையில் ஏறிவிடுகிறது. வகுப்பு முடிந்த அன்று இப்போதெல்லாம் பெரிய கேன்வாஸைத் தொடுவதில்லை, சட்டம் அடிப்பேன், ஜெஸ்ஸோ பூசுவேன்.

படம் விற்றுத்தான் சோறு என்ற நிலை இருந்தால் கை பயப்படும். 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள். வகுப்பெடுப்பதை இரண்டாந்தரமாக நினைத்துக் குமைந்த நாட்களில் அடிக்கடி இது நினைவுக்கு வரும்.

இப்போது ஒவ்வொரு கேன்வாஸின் பின்னாலும் பென்சிலால் எழுதி வைக்கிறேன்: ஜெஸ்ஸோ அடித்த தேதி, ஒவ்வொரு பூச்சின் தேதி, அதில் என்ன மீடியம். திரும்பி வந்த அந்த 35,000 ரூபாய்ப் படம் வகுப்பறையில் மாட்டியிருக்கிறது. பிள்ளைகள் விரிசலைப் பார்த்து, ‘இது ஆறா சார், ரோடா சார்?’ என்று கேட்பார்கள். போன வாரம் கறுப்பு கனமாக இருந்த ஓரத்தில் நகத்தை அழுத்திப் பார்த்தேன். இரண்டு வருடமாகிறது, இன்னும் பள்ளம் விழுகிறது.